ஜூலையில் குதிரேமுக்: வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஏறலாமா?

வாசகர் கேள்வி, ஜூன் 9

ஜூலை இரண்டாம் வாரம் பெங்களூரிலிருந்து போய், கர்நாடகத்தின் குதிரேமுக் மலையில் ஏறப் போகிறோம். குளிர் பெரிதாக இருக்காது என்கிறார்கள். கடையில் 10,000 மி.மீ. என்று போட்ட வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். டூவீலருக்கு வாங்கிய ரெயின்கோட்டும் வீட்டில் இருக்கிறது. "அந்தப் புழுக்கத்தில் எதைப் போட்டாலும் வேர்வையில் நனையத்தான் போகிறாய், ஜாக்கெட் தண்டச்செலவு" என்கிறான் நண்பன். அவன் சொல்வது சரியா?

ஜூன் 9, இரவு

உங்கள் நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. ஏறும்போது நனையத்தான் போகிறீர்கள். அதனால் ஜாக்கெட்டே வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நான் போகிறவர்களிடம் எல்லாம் சொல்வது இதுதான்: கால் நடக்கும்போது ஜாக்கெட் பையில் இருக்கட்டும், கால் நின்றதும் உடம்புக்கு வரட்டும். முள்ளோடி கிராமத்திலிருந்து சோலைக்காட்டுக்குள் ஏறும் பகுதியில் மழை கொட்டினாலும் மெல்லிய பாலியஸ்டர் டி-ஷர்ட் போதும். மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கி, மேலே காற்று அறையும் இடத்துக்கு வந்ததும் கதை மாறிவிடும்.

டூவீலர் ரெயின்கோட்டை நம்பிப் போகாதீர்கள். ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

ஜூன் 10, காலை

ரெயின்கோட் விஷயம். வண்டியில் அது நன்றாகவே வேலை செய்கிறது, அதனால்தான் மலைக்கும் சரிப்படும் என்று எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வண்டியில் உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கிறது, வெப்பம் அதிகம் உண்டாவதில்லை. எதிர்க்காற்று வேறு ஓயாமல் அடிக்கிறது. அதே கோட்டை மாட்டிக்கொண்டு பத்துக் கிலோ பையோடு செங்குத்தான பாதையில் ஏறிப் பாருங்கள். கால் மணி நேரத்தில் உள்பக்கம் தண்ணீர் வழியும். வெளிமழை உள்ளே வந்துவிட்டது என்று நினைத்துக் கழுத்துப் பட்டனை இன்னும் இறுக்கிப் போடுவார்கள். நனைத்தது அவர்களுடைய வேர்வைதான்.

ஏறும்போது உடம்பு சூட்டை இழப்பது பெரும்பாலும் வேர்வை ஆவியாவதால்தான். பிளாஸ்டிக் அதை அடைத்துவிட்டால் வேர்வை கொட்டும், சூடு மட்டும் குறையாது. தலை சுற்றி உட்கார்ந்தவர்களைப் பாதையில் பார்த்திருக்கிறேன். மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, அந்த மனிதருக்கு வெப்ப அயர்ச்சி! பக்கத்தில் இருப்பவர்கள் குளிரில் நடுங்குகிறார் என்று எண்ணி மேலே இன்னொரு துணியைப் போர்த்துகிறார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது கோட்டைக் கழற்றுவதும், தண்ணீர் கொடுப்பதும்தான்.

ஜூன் 10, மாலை

இன்னொருவர் கேட்டிருக்கிறார்: "விலையுயர்ந்த ஜாக்கெட்டில் ஆவி வெளியே போய்விடும் என்கிறார்களே, அப்படியென்றால் போட்டுக்கொண்டே ஏறலாம்தானே?"

இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் பணத்தை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் சூடாக்கிய டெஃப்லான் தண்டு ஒன்றைச் சட்டென்று இழுத்தார். அது அறுந்து போகாமல் பல மடங்கு நீண்டு, நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. கோர்-டெக்ஸ் என்ற ஜாக்கெட் துணி பிறந்தது இப்படித்தான். துளைகள் தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவுக்குச் சிறியவை, நீராவி போக முடிகிற அளவுக்குப் பெரியவை. பிறகு வந்த பல கம்பெனித் துணிகளின் நோக்கமும் இதுவே.

ஆனால் ஆவியை யாரும் வெளியே தள்ளிவிடுவதில்லை. உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது தானாக நகரும். கணக்கைப் பாருங்கள். தோலை ஒட்டி 33 டிகிரியில், ஈரம் நிறைந்த காற்றில் கன மீட்டருக்குச் சுமார் 36 கிராம் நீராவி இருக்கும். வெளியே 5 டிகிரிக் குளிர் என்றால், அந்தக் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் 7 கிராம்தான். வித்தியாசம் 29 கிராம். ஆவி வேகமாக வெளியேறும். ஸ்காட்லாந்திலும் ஆல்ப்ஸிலும் இந்த ஜாக்கெட்டுகள் பெயர் வாங்கியதற்குக் காரணம் இது.

இப்போது ஜூலை மாதச் சோலைக்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி, காற்றில் ஈரம் நூற்றுக்கு நூறு என்று வைத்துக்கொள்வோம். வெளியிலேயே 23 கிராம் நிற்கிறது. வித்தியாசம் 13 கிராம். அதாவது ஆவியை நகர்த்தும் விசை பாதிக்கும் கீழே. அதே ஜாக்கெட், அதே விலைச்சீட்டு.

ஜூன் 10, இரவு

மாலை எழுதியதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. கடையில் பார்த்தீர்களே, 10,000 மி.மீ., அது தண்ணீரைத் தாங்கும் அளவு. துணியின் மேல் 10 மீட்டர் உயரத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள். மூச்சு விடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூச்சுக்கு வேறொரு எண் போட்டிருப்பார்கள்: ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் ஆவியை விடும் என்று. 10,000 கிராம் என்றால் மணிக்கு 400 கிராம் சொச்சம். அதுவும் ஆய்வகத்தில், வசதியான நிலைமையில். வெயில் காலத்தில் சுமையோடு ஏறும் ஆள் மணிக்கு ஒரு லிட்டர் வரை வேர்க்கலாம். முதுகில் பை அழுத்தும் இடத்தில் ஒரு கிராம்கூட வெளியே போகாது.

அதனால் 4,000 ரூபாய் ஜாக்கெட்டை விட்டு 14,000 ரூபாய் ஜாக்கெட் வாங்கினால் இந்த மலையில் ஏறும்போது காய்ந்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்குங்கள்.

ஜூன் 11

அக்குள் ஜிப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், உதவும். ஆவியை வெளியேற்றுவதில் துணியின் நுண்துளைகளைவிட அந்த இரண்டு ஜிப்புகள் அதிகம் செய்யும். வாங்குவதானால் அது உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஜூன் 13

இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருப்பது என் அத்தையின் நினைவு. வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். தென்மேற்குப் பருவமழையில், காலை முதல் மாலை வரை, மலைச்சரிவில் நின்று வேலை. அவர் முழுக்கோட்டு போட்டு நான் பார்த்ததே இல்லை. தலைக்கும் முதுகுக்கும் கொங்காணி என்ற மழைப்போர்வை. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை கனத்த பிளாஸ்டிக் தாள் சுற்றி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார். மார்பும் கைகளும் திறந்தபடி இருக்கும்.

காரணம் அவரே சொல்லியிருக்கிறார். மழை நின்ற பிறகும் செடி நனைத்துக்கொண்டே இருக்கும். மேலிருந்து வருவதைவிடப் பக்கத்தில் இருந்து உரசுவதுதான் உடுப்பை ஊற வைக்கும்.

குதிரேமுக் புல்வெளியில் இது அப்படியே பொருந்தும். ஜூலையில் புல் நன்றாக வளர்ந்து பாதையின் மேல் சாய்ந்து கிடக்கும், தொடையும் முழங்காலும்தான் முதலில் ஊறும். உயர்ந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கீழே ஜீன்ஸோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. ஜீன்ஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மடங்கு கனக்கும், அன்று இரவு வரை காயாது. மெல்லிய நைலான் டிராக் பேன்ட் போதும். நனையும், நடந்தபடியே பாதி காய்ந்தும் விடும்.

கொங்கணத்தில் நாற்று நடுகிறவர்கள் முதுகில் கவிழ்த்துக்கொள்ளும் இர்லே, மேகாலயாவில் காசி மக்கள் அணியும் க்னுப் இரண்டும் மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னியவை. இரண்டுமே முதுகை மூடி முன்பக்கத்தைத் திறந்து விடுகின்றன. மிக அதிக மழை பெய்யும் இடங்களில் குனிந்து வேலை செய்கிறவர்கள், மழையைத் தடுப்பதையும் காற்று ஓடுவதையும் ஒன்றாக யோசித்திருக்கிறார்கள். இதைத் தாண்டி நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

ஜூன் 13, இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் தலைவழியே மாட்டும் போன்ச்சோதானே சரி?" என்கிறார் ஒருவர்.

காட்டுக்குள் சரி. பையையும் சேர்த்து மூடும், கீழ்ப்பக்கம் திறந்திருப்பதால் காற்று ஓடும், விலையும் குறைவு. முகட்டுக்கு வந்ததும் காற்று அதைத் தூக்கி முகத்தில் அறையும். பாறைமேல் கால் வைக்கும் நேரத்தில் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இடுப்பில் ஒரு கயிறு கட்டினால் ஓரளவு அடங்கும்.

குடையை யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். எஸ்டேட் சாலையிலும் ஜீப் பாதையிலும் குடைக்கு ஈடு எதுவும் இல்லை. தலை காய்ந்திருக்கும், உடம்பில் காற்று படும், கண்ணாடி போட்டவர்களுக்குப் பார்வை தெளிவாக இருக்கும். பாதை குறுகி, கை மரத்தையும் பாறையையும் பிடிக்க வேண்டிய இடம் வந்ததும் மடக்கிப் பையில் வைத்துவிட வேண்டும். ஏப்ரல், மே மாத மாலைகளில் இடி மின்னலோடு வரும் மழையில், வெட்டவெளியில் குடை பிடிக்கவே கூடாது.

ஜூன் 15

தம்பி, அப்பாவும் வருகிறார், வயது அறுபதைத் தாண்டியவர், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று இப்போதுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 9-ஆம் தேதி சொன்னதை அவருக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டும்.

வயதானால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும் திறன் குறையும். தோலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிச் சூட்டைக் காப்பாற்றுவதும் மெதுவாகும். குளிர்வது அவருக்கே தாமதமாகத்தான் தெரியும். சில பிரஷர் மாத்திரைகள் இதில் குறுக்கிடும். எது என்று அவருடைய டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவுக்கு நீங்கள் வேகம் குறைக்க வேண்டும். அவர் வேர்க்காமல் ஏறுகிற வேகமே குழுவின் வேகம். நன்றாக மெதுவாக நடந்தால் அவர் ஜாக்கெட்டை, அக்குள் ஜிப்பையும் முன் ஜிப்பையும் பாதி திறந்து வைத்துக்கொண்டு, போட்டபடியே ஏறலாம். நீங்கள் புல்வெளி விளிம்பு வரை காத்திருக்கலாம், அவரைக் காத்திருக்க வைக்காதீர்கள். காடு முடியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே, மரங்கள் காற்றை மறைக்கும் இடத்தில் நிறுத்தி, நனைந்த டி-ஷர்ட்டை மாற்றி, ஜிப்பை மேலே ஏற்றிவிடுங்கள்.

ஜூன் 15, மாலை

"20 டிகிரியில் யாருக்குக் குளிர்க்காய்ச்சல் வரும்" என்று எழுதியவருக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த நினைப்புதான் ஆபத்து.

காய்ச்சல் வேறு. நான் பேசுவது உடம்பின் உள்சூடு இறங்குவதை. அதற்குப் பனி தேவையில்லை. தண்ணீர் காற்றைப்போல் சுமார் 25 மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்தும். நனைந்த துணி, காற்று, களைப்பு, காலி வயிறு நான்கும் சேர்ந்தால் போதும்.

குதிரேமுக் உச்சி 1,894 மீட்டர். மேகம் சூழ்ந்த பருவமழைக் காற்றில் ஆயிரம் மீட்டருக்கு ஐந்து, ஆறு டிகிரி குறையும். மங்களூர்க் கடற்கரையில் 27 என்றால் உச்சியில் 17-ஐ ஒட்டி இருக்கும். ஃபேன் ஓடாத அறையில் 17 இதமான எண். அரபிக்கடலில் இருந்து நேராக வரும் காற்றில், நனைந்த சட்டையோடு, போட்டோவுக்காக அரைமணி நேரம் நிற்கும்போது அது இதமாக இருக்காது.

உச்சியில் ஒரு தடவை நான் கவனித்தது மனதில் பதிந்துவிட்டது. முதலில் நடுங்க ஆரம்பித்தவர்கள் வெறும் டி-ஷர்ட்டில் ஏறியவர்கள் அல்லர். அடிவாரத்திலிருந்து ரெயின்கோட்டைக் கழற்றாமல் ஏறியவர்கள். உள்ளே சொட்டச் சொட்ட வேர்வை, அதற்குள் கனத்த பருத்திச் சட்டை, மாற்றிக்கொள்ள எதுவும் மீதமில்லை. டி-ஷர்ட்காரர்கள் பையைத் திறந்து காய்ந்த சட்டையை மாட்டி, அதன் மேல் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு சப்பாத்தி சாப்பிட்டார்கள்.

விரல் பட்டன் போட மறுக்கிறது, கால் தடுமாறுகிறது, பேச்சு குழறுகிறது, கேட்டால் எரிச்சலாகப் பதில் வருகிறது என்றால், உச்சி எத்தனை பக்கத்தில் இருந்தாலும் திரும்பி இறங்க வேண்டும். ஈரத்தை மாற்றி, இனிப்பாக ஏதாவது கொடுத்து, கூடவே ஒருவர் நடக்க வேண்டும்.

ஜூன் 16

காய்ந்த சட்டை காய்ந்தே இருக்க என்ன செய்வது? பைக்கு மேலே மாட்டும் உறையை மட்டும் நம்பினால் முதுகுப்பக்கமாகத் தண்ணீர் இறங்கும். குப்பைக்கு வாங்கும் பெரிய கறுப்புப் பையைப் பைக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுங்கள். சட்டைக்குத் தனியாக இன்னொரு கவர். என்னைக் கேட்டால் ஜாக்கெட்டைவிட இந்தக் கறுப்புப் பை முக்கியம்.

ஜூன் 17

அட்டை பற்றிய கேள்விகள் வந்துவிட்டன. வரும் என்று தெரியும்.

ஜாக்கெட் அட்டையைத் தடுக்காது. காலிலிருந்துதான் ஏறும். முழங்கால் வரை வரும் நெருக்க நெசவு அட்டை சாக்ஸ் வாங்குங்கள், பேன்ட்டை அதற்குள் செருகுங்கள். உப்புத் தடவுவது மழையில் ஓடையைத் தாண்டியதும் கரைந்து போகும். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தை வாய்ப்பக்கமாகத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் ஓடும், பயப்பட ஒன்றுமில்லை.

ஒரே ஒரு விஷயம் ஜாக்கெட்டோடு சேர்கிறது: ஓய்வெடுக்க அதைத் தரையில் விரித்து உட்காராதீர்கள். திரும்ப மாட்டும்போது கழுத்துக்குள் விருந்தாளிகள் வந்து சேர்வார்கள்.

ஜூன் 18

மழை எவ்வளவு பெய்யும் என்பதை யாரும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை என்று தோன்றுகிறது. சென்னைக்கு ஆண்டு முழுக்கச் சுமார் 1,400 மி.மீ. கோயம்புத்தூருக்கு அதில் பாதிதான். குதிரேமுக்குக்குப் பக்கத்து ஆகும்பேயில் 7,000-ஐத் தாண்டும், பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள். துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. நீங்கள் காலையில் கணுக்கால் தண்ணீரில் தாண்டிய ஓடை மாலையில் இடுப்பளவு வரும். எந்த ஜாக்கெட்டும் அதற்கு உதவாது. போக வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னால் போகக் கூடாது, வாதாடாதீர்கள். ரெட் அலர்ட் போட்டிருந்தால் பக்கத்து ஊரான களசாவில் தங்கிச் சூடாகச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புங்கள்.

ஜூன் 20

கேட்டவர் பழைய ஜாக்கெட் ஒன்று அண்ணனிடம் கிடைத்திருக்கிறது என்கிறார். வாங்கும் செலவு மிச்சம், நல்லது. போட்டுக்கொண்டு போவதற்கு முன் இரண்டு சோதனை.

உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, வெள்ளைச் செதில் உதிர்ந்தாலோ, தையலை மூடிய டேப் பெயர்ந்திருந்தாலோ அதன் காலம் முடிந்தது. விலை குறைந்த ஜாக்கெட்டுகளில் உள்ளே பூசியிருப்பது பாலியூரித்தேன். நம் ஊர் ஈரத்தில், பீரோவுக்குள் மடித்து வைத்தே அது சிதைந்துவிடும். ஒருநாள்கூட மழையில் போடாத ஜாக்கெட்டும் இப்படிப் போகும். அதனால் மடிக்காமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுவது நல்லது.

அடுத்தது, தோள்பட்டையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். தாமரை இலையில் போல உருண்டு ஓடினால் மேல்பூச்சு உயிரோடு இருக்கிறது. துணி கறுத்துத் தண்ணீரைக் குடித்தால் பூச்சு போய்விட்டது. மழை உடனே உள்ளே வராது, ஆனால் நனைந்த மேல்துணி ஆவியை அடைத்துவிடும், குளிரும். பல சமயம் அழுக்குதான் காரணம். மிதமான தண்ணீரில் சோப்பு மிச்சமில்லாமல் அலசி, நிழலில் காயவைத்து, லேபிள் அனுமதித்தால் மேலே ஒரு மெல்லிய துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். மறுபடி ஊற்றிப் பாருங்கள். அப்போதும் உருளாவிட்டால் பூச்சு ஸ்ப்ரே வாங்கி அடிக்கலாம். துணி கண்டிஷனர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது பூச்சைக் கெடுக்கும்.

ஜூன் 20, இரவு

அளவு: உள்ளே ஒரு காய்ந்த சட்டையும் மெல்லிய ஃப்ளீஸ் குளிர்ச்சட்டையும் போட்ட பிறகு கையைத் தூக்கினால் இடுப்பு தெரியக் கூடாது. அண்ணனுடையது உங்களுக்கு ஒரு சைஸ் பெரிது என்றால் இந்த வேலைக்குச் சரியாகவே இருக்கும். அப்பாவுக்குப் புதிது எடுங்கள், பளிச்சென்ற ஆரஞ்சோ மஞ்சளோ. முகட்டில் மேகம் மூடினால் பத்தடி தள்ளி நிற்பவரே தெரிய மாட்டார்.